காந்தலூர் உப்பு

அக்கா வீட்டுக்குப் போகிறவள் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போவாள். நான் அக்காவின் மூட்டுவலிப் பொடியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவளிடமே திருப்பிக் கொண்டுபோனேன். சென்னையிலிருந்து பாலக்காடு வரை டப்பா என் மடியிலேயே இருந்தது. எதிர் இருக்கைக்காரர் அதைப் பருப்புப்பொடி என்று நினைத்து, தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஆசையாக ஒரு பார்வை பார்த்தார். கொடுத்திருந்தால் அவருக்கு இருந்த வலியெல்லாம் மறுநாளே பறந்திருக்கும். அதுதான் பிரச்சினையே.

நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூலிகை மருந்துக்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. பொடியைச் சாராயம் மாதிரியான ஒரு திரவத்தில் ஊறவைத்து, வடிகட்டி, இயந்திரத்துக்குள் செலுத்தினால் அது திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு போடும். செடி என்றால் சின்னதும் பெரிதுமாக நிறைய மேடுகள் வரும். மாத்திரை என்றால் கொடிக்கம்பம் நட்ட மாதிரி ஒன்றே ஒன்று நிற்கும். அக்காவின் பொடியில் முடக்கத்தான் இருந்தது, சுக்கு இருந்தது, வாதநாராயணன் இருந்தது. எல்லாம் நல்ல சரக்கு, பழுது சொல்ல முடியாது. நடுவில் கொடிக்கம்பமும் நின்றது. டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

உண்மையில் இதற்கு இயந்திரமே தேவையில்லை. ஒரு கல்யாணத்துக்கு அக்கா சென்னை வந்தபோது மண்டபத்துப் படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினாள். தரையில் உட்கார முடியாமல் வருஷக்கணக்காக அழுதவள். முகம் பந்து போல உருண்டிருந்தது. "பூசுனாப்ல ஆயிட்டேன் இல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அவள் பையிலிருந்து ஒரு கரண்டி பொடியை எடுத்துவைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

இந்த மருந்தைக் கேட்பாரில்லாமல் தின்றுகொண்டே இருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். திடீரென்று நிறுத்தினாலோ ஆளையே சாய்த்துவிடும். வெளியிலிருந்துதான் வருகிறதே என்று உடம்பு தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிக் கிடக்கும். நிறுத்திய கையோடு ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் அக்கா "செரி, செரி" என்று வைத்துவிடுவாள். அதனால் நேரில் கிளம்பினேன்.

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை பஸ், எலப்புள்ளியில் டிரைவர் டீ குடிப்பதற்காக நின்றது. அந்தப் பக்கத்து இட்லி நம் ஊர் இட்லி மாதிரி உப்பலாக இருக்காது, சின்னத் தோசையோ என்று சந்தேகப்படும்படி தட்டையாக, பஞ்சு போல இருக்கும். ஒன்று என்று உட்கார்ந்தவள் மூன்றாவதற்குப் பொடி கேட்டபோது கண்டக்டர் டபுள் பெல் கொடுத்துவிட்டார். கையில் இட்லியோடு ஓடிப்போய்ப் படியில் தொற்றினேன். "அம்மா, இது பஸ், கல்யாண வீடு இல்லை" என்று அவர் மலையாளத்தில் சொன்னார். சென்னையில் கண்டக்டர் திட்டினால் நாமும் இரண்டு கொடுக்கலாம். இவர் சிரித்துக்கொண்டே திட்டியதால் நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் போர்டெல்லாம் மலையாளம், பேச்செல்லாம் பொள்ளாச்சி. அக்காவின் வீடு ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. மாமா, அதாவது அக்காவின் கணவர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தென்னைக்கு மருந்தடிக்கக் விவசாய ஆபீசான கிருஷி பவனில் அபேட்சை என்று மனு கொடுத்ததையும், அங்கே ஒப்பு என்கிற கையெழுத்து வாங்க அலைந்ததையும் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே விட்டார். அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சோறு உண்ணும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கியிருக்காது.

"அக்கா, உன்ற பொடியில இங்கிலீசு மருந்து கலந்திருக்குது" என்றேன்.

அக்கா அசரவில்லை. மாமாதான் முந்திக்கொண்டார். "அதுக்கென்ன மாலா? இங்கிலீசு மருந்துன்னா நல்லதுதானே? அதைத் திங்கத்தானே ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கன்னு நீங்கெல்லாம் உசுரை வாங்கறீங்க?"

"எவ்வளவு கலந்திருக்குன்னு ஒரு கணக்கு வேண்டாமுங்களா மாமா? ஒரு சிட்டிகையில அதிகமா இருக்கும், ஒரு சிட்டிகையில இருக்கவே இருக்காது. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம். அவரு அதே மருந்தைச் சரியான அளவுல குடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பாரு. அதுவரைக்கும் பொடியை நிறுத்தக் கூடாது."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தாள். "ஏம்புள்ளே, கலப்படங்கறே, நிறுத்தாதேங்கறே. உனக்கே ஒரு முடிவு கெடையாதா?"

"அக்கா, நாஞ் சொல்றதைக் கேளு..."

"நீ கேளு மொதல்ல. முன்னெல்லாம் கக்கூசுல உக்காரோணும்னா உங்க மாமன் கையப் புடிச்சு எறக்கி உடோணும். எந்திரிக்கோணும்னா கூப்புடோணும். அந்த வெக்கக்கேடு உனக்குத் தெரியுமா? பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் எடையக் குறைம்மான்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இந்த மனுசன் குடுத்த பொடியில நான் நடந்தேன். உன்ற மிசினு என்ற முட்டிய நடக்க வெக்குமா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கடைசியில் அவளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். "வைத்தரு சொல்லட்டும். அவரு வாயால டாக்டர்கிட்டப் போன்னா போறேன். நீ சொல்லி நான் போகமாட்டேன்." வைத்தியர் இருப்பது காந்தலூரில். மாமாதான் சுற்றுலாப் போன இடத்தில் அவரைக் கண்டுபிடித்துவந்திருக்கிறார். மாதாமாதம் பொடி பார்சலில் வரும்.

மறுநாள் காந்தலூருக்குக் கிளம்பினேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பொள்ளாச்சியில் ஒரு பஸ், உடுமலையில் ஒரு பஸ். வழியெல்லாம் அந்த வைத்தியரைத் திட்டுவதற்கு வசனம் தயார் செய்துகொண்டே போனேன். அயோக்கிய ராஸ்கல் என்பதில் தொடங்கி போலீஸ் வரைக்கும் வைத்திருந்தேன். பின் இருக்கையில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை. "ஆஸ்பத்திரி மருந்து உடம்பைக் கெடுத்துவிடும், இலை மருந்து ஒன்றும் செய்யாது" என்றார் மற்றவர். ஒன்றும் செய்யாத மருந்தை எதற்கப்பா சாப்பிட வேண்டும் என்று திரும்பிக் கேட்க நாக்கு துறுதுறுத்தது.

மறையூரில் சந்தன மரங்களைக் கம்பி வேலிக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே காந்தலூர் குளுகுளுவென்று இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் காரட், பூண்டு, முட்டைக்கோஸ். கொச்சியிலிருந்து வந்த கூட்டமொன்று ஒரு ஸ்ட்ராபெர்ரி பாத்தியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வைத்தியர் வீட்டை விசாரித்தபோது டீக்கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்று வழி சொன்னார். அது வேறு எனக்கு எரிச்சல்.

ஓட்டு வீடு. வெளியே சாக்கில் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. வைத்தியர் உள்ளேயிருந்து வந்தார். அறுபது வயதிருக்கும். "வாங்கம்மா, இரிங்க. எங்கன இருந்து வாரிய?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தயார் செய்துவைத்திருந்த வசனமெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. உருண்டு வீங்கிய கன்னம். பிடரியில் ஒரு சதைத் திண்டு. முழங்கையில் அங்கங்கே கன்றிப்போன நீலம். அக்காவுக்கு இருந்த அத்தனையும் இவருக்கு இன்னும் அதிகமாக இருந்தது.

"ஐயா, நீங்களும் இந்தப் பொடியைச் சாப்பிடறீங்களா?"

"பின்னே? வருசக்கணக்கா சாப்பிடுதேன். எங்கப்பா எஸ்டேட்டு பேக்டரியில சாக்கும் தூக்கி, வைத்தியமும் பாத்தவரு. நானும் தூக்கினேன். முதுகு போச்சு. லயத்து வீட்டுல கட்டிலை விட்டு எறங்கவே யாராவது தூக்கி விடணும். இப்பம் பாருங்க" என்றவர், குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். அவர் மனைவி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருக்கிறார்!

பொடியை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். "மூலிகை எல்லாம் நானே பறிச்சு நெழல்ல ஒணத்துதேன். நாயுருவி உப்பு மட்டும் வெலைக்கு வாங்குதேன்."

நாயுருவிச் செடியை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரைக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக ஒரு உப்பு தங்கும். நம் வைத்தியத்தில் காலங்காலமாக உள்ள முறை. இவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி நிறையச் செடியை எரித்தால் கைப்பிடி உப்பு தேறும். ஆனால் சந்தனக் காட்டுப் பக்கத்தில் புகை எழும்பினால் வனத்துறை ஜீப் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்துச் சமவெளியிலிருந்து ஒருவன் பையோடு வந்து, சுத்தமான நாயுருவி உப்பு என்று ஒரு பொட்டலத்தை நீட்டியிருக்கிறான். மூலிகைப் பொடிக்குள் வெள்ளைத் தூளைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் சந்தேகம் வரும். ஆயுசு முழுக்க இலையிலிருந்து வெள்ளை உப்பு எடுத்த மனிதருக்கு ஏன் வரப்போகிறது?

"உப்புன்னா கரிக்கணுமே ஐயா. இது கசக்குமே?"

"கசந்துச்சு. நானும் கேட்டேன். செடியோட சத்தும் சேந்து எறங்கியிருக்கு, அதான் கசக்குன்னான். நம்பாம என் ஒடம்புலயே போட்டுப் பாத்தேன். மறுநா காலைல முதுகு வலியக் காணோம்! இதுக்கு மேல என்ன சோதனைம்மா வேணும்?" சாயா டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "லேபுக்கும் அனுப்பினேன். ஈயம் இல்ல, பாதரசம் இல்லன்னு வந்துச்சு" என்றார்.

அந்த முடிவும் உண்மைதான். ஈயம் இருக்கிறதா என்று கேட்டால் ஈயத்தைத்தான் தேடிப் பார்ப்பார்கள். கேட்காததை எந்த இயந்திரமும் சொல்லாது. இந்த லட்சணத்தில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். உப்புக்காரன் கொடுத்தது இன்ன மருந்து, அது முகத்தை இப்படி ஊதவைக்கும், எலும்பை அரிக்கும், ஆனால் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அதனால் சாப்பிடுகிற எல்லோரையும் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அதுவரை பொடி தொடரட்டும் என்று இரண்டு முறை திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்பம் இத்தனை சனத்துக்கும் நான் வெசத்தையா குடுத்தேன்?" என்றார்.

"விஷம் இல்லைங்கய்யா. மருந்துதான். அளவில்லாத மருந்து."

"சரிம்மா. காலைல வாங்க. ஒங்க அக்காகிட்ட நானே பேசுதேன். நீங்களும் பக்கத்துல இருங்க."

நல்ல மனிதர், வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவு டீக்கடைக்காரர் சொல்லித் தங்கிய வீட்டில் கப்பையும் மத்தி மீன் குழம்பும் போட்டார்கள். எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கை யாரும் சீந்த மாட்டார்கள். அன்றைக்கு நான் வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி வாங்கித் தின்றேன்.

காலையில் போனால் அவர் வீட்டு முற்றத்தில் புகை. பொடி டப்பாக்கள், உப்புப் பொட்டலம், காய்ந்த இலை எல்லாவற்றையும் குவித்து எரித்திருந்தார். அன்றைக்குப் பார்த்து எந்த ஜீப்பும் வரவில்லை. வைத்தியர் குளித்துத் திருநீறு பூசி, விரதம் முடித்தவர் போலத் தெளிவாக நின்றார்.

"நேத்தே எல்லாருக்கும் போன் போட்டுட்டேம்மா. ஒங்க அக்கா வீட்டுக்கும்தான். இன்னையோட நிறுத்துங்க, மிச்சத்தைக் கொட்டிருங்கன்னுட்டேன். காலைல வெறும் வயித்துல வெளக்கெண்ண குடிச்சா உள்ள இருக்க வெசம் கழிஞ்சிரும். சோர்வா இருக்கும், வாந்தி வரும், பயப்படாதிய, வெசம் எறங்குதுன்னு அர்த்தம்னு சொல்லிட்டேன். மனசு இப்பதாம்மா லேசாச்சு."

என் வாயில் என்ன வந்ததென்று எனக்கே தெரியாது. "உங்க மனசை லேசாக்கத்தான் நான் மலையேறி வந்தேனா? நிறுத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று கத்தினேன்.

"வெசம்னு தெரிஞ்ச பெறவு ஒரு வேளை எப்படிம்மா குடுக்க? கை வராது" என்றார். தவறு செய்த முகமே இல்லை. நேர்மையான ஆளிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அயோக்கியனாக இருந்திருந்தால் மிரட்டியே காரியத்தைச் சாதித்திருப்பேன். சரக்கையும் எரித்திருக்க மாட்டான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "காலைல வெளக்கெண்ண குடுத்தாச்சு. நெம்ப நல்லாப் போகுது" என்றார், நல்ல செய்தி சொல்கிற குரலில். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், ஸ்டீராய்டு சாப்பிட்டு நிறுத்தியவள் என்று சொல்லுங்கள் என்று அலறினேன். "செரி செரி, இளநி லோடு ஏத்தி உட்டுட்டுக் கெளம்பறோம்" என்றார். அந்த "செரி செரி" எனக்குத் தெரியும். வைத்தியரை உட்காரவைத்து, எல்லோருக்கும் மறுபடி போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்படி சொன்னேன். அவரை மறையூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகும்படி அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ் சின்னாறு காட்டுக்குள் படுத்துக்கொண்டது. டீசல் குழாய் வெடித்துவிட்டதாம். உடுமலையிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். சிக்னல் மருந்துக்குக்கூட இல்லை. ஜனங்கள் இறங்கிப் பாறையில் உட்கார்ந்து காரட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். "அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது, காடு ஓடியா போய்விடும்?" என்று டிரைவர் மலையாளத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் மேலும் கீழும் நடந்ததைப் பார்த்து, எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண் பக்கத்தில் வந்தார்.

"ஏன்க்கா இப்படிப் பதறுதிய?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. "காந்தலூரு வைத்தியரா? எங்க அண்ணன் பொஞ்சாதி, மயினிக்கும் அவரு பொடிதான். நேத்து போன் வந்துச்சுன்னா. காலைல வெளக்கெண்ண குடிச்சிட்டுப் படுத்தவ, வேலைக்குக்கூடப் போகல." தன் போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் சிக்னல் கோடு இல்லை. பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டில் நடந்தோம். எதிரே மறையூருக்குப் போன ஒரு ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி அவர் ஏறிப்போய்விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த மயினி என்ன ஆனார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருவழியாக பஸ் கிளம்பி உடுமலை வந்து சேர்ந்ததும் டாக்சி பிடித்தேன். மாமா போனை எடுக்கவில்லை. டிரைவர் வழியில் இளநீர் குடிக்கலாமா என்று கேட்டார். இளநீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அந்தி நேரம். அக்கா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். தொட்டால் சில்லென்று வேர்த்திருந்தது. "அக்கா" என்றதற்குக் கண்ணைத் திறந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வாந்தி எடுத்த போசிப் பாத்திரம். மாமா ஈரத்துணியோடு நின்றார். "சாயங்காலம் வரைக்கும் நாலஞ்சு தடவை வாந்தி. விசம் எறங்குது மாலா, வைத்தரு சொன்னாப்லயே எல்லாம் நடக்குது" என்றார். அவர் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் சொன்னபடியே நடக்கிறதே என்கிற நம்பிக்கை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவரை நான் அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். டாக்சிக்காரரும் நானும் சேர்ந்து அக்காவைத் தூக்கினோம்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். என் டப்பாவைக் காட்டி, இதில் இன்ன மருந்து இருந்தது, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளே, இவள் பிழைத்தால் போதும், இவளோடு ஜென்மத்துக்கும் சண்டை போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அக்கா அவள் ஒருத்திதான்.

விடிந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ஏம்புள்ளே, ஒரு டீ வாங்கியார மாட்டயா?" என்றாள். நான் டீயோடு வந்தபோது கட்டிலில் ஆளைக் காணோம். யார் கையையும் பிடிக்காமல் தானே பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். "முட்டி நோவே காணோம் பாரு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். மாமா வாசற்பக்கம் திரும்பி நின்று துண்டால் மூக்கைச் சிந்தினார்.

டிரிப் பாட்டில் மாற்ற நர்ஸ் வந்தார். மாமா மலையாளத்தில் கேட்டார், ராத்திரி என்ன மருந்து கொடுத்தீர்கள், செத்த பிணமாகக் கிடந்தவள் இப்படி எழுந்து நடக்கிறாளே என்று. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றியபடியே சொன்னார்: "ஸ்டீராய்டு."

மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொடியில இருந்துதுன்னு நீ சொன்னயே, அதுதானே மாலா?"

"மாமா, அது வேற, இது..."

"அதுதானா இல்லையா?"

"அந்த வகைதானுங்க. ஆனா..."

"அப்பறம் எதுக்கு அந்த மனுசனைப் போயி அந்தப் பேச்சுப் பேசுன? இருந்த மருந்தை நிறுத்த வெச்சே, சாகக் கெடந்தா. அதே மருந்தை ஊசியில போட்டாங்க, எந்திரிச்சு உக்காந்துட்டா. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு வேணும் உனக்கு?"

அக்கா டீயை ஊதிக் குடித்தாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அரைமணி நேரம் பிடிக்கும் பதில். அவர் அதற்குள் வைத்தியருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டார்.

"வைத்தரே, என்ற சம்சாரம் எந்திரிச்சுட்டாளுங்க. ஆஸ்பத்திரியிலயும் உங்க மருந்தையேதான் குடுக்கறாங்க. நீங்க நல்ல மருந்துதானுங்க குடுத்தீங்க, ஒண்ணும் வெசனப்படாதீங்க."

அந்தப் பக்கம் வைத்தியர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நெசமாத்தான் சொல்லுதியளா? எனக்கும் மறையூர்ல அந்த மாத்திரையத்தான் எழுதியிருக்காக. நான்தான் பயந்துட்டு வாங்காம வந்துட்டேன்." மறுபடி மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒங்க கொழுந்தியா பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"இருக்கறாளுங்க."

"அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இனிமே எவன்கிட்டயும் ஏமாறக் கூடாது பாருங்க. ஆஸ்பத்திரிக்காரங்க இதைச் சுத்தமான சரக்கா எங்க வாங்குதாகன்னு கேளுங்க."

மாமா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அக்கா டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஆசையோடு என்னைப் பார்த்தாள்.